மெத்தைக் கடையில் அடித்த ஆஸ்பத்திரி போன்

டெம்ப்ளேட்டுகளைப் பார்த்துக்கொள்வதுதான் என் உத்தியோகம் என்று சொன்னால், இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் பாதிப் பேர் சிரிப்பை அடக்கிக்கொள்வீர்கள். சிரித்துவிடுங்கள், எனக்கொன்றும் இல்லை. என் வீட்டுக்காரரே நான் ஓய்வு பெறும்வரை சிரித்தார். அவர் கல்பாக்கத்தில் அணு உலையைப் பார்த்துக்கொண்டார். நான் சென்னை ஓ.எம்.ஆர். சாலையோரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் காலிக் கடிதங்களைப் பார்த்துக்கொண்டேன். "உன் வேலையில தப்பு நடந்தா என்ன ஆயிடும்? எழுத்து கோணலா வருமா?" என்று சாப்பிடும்போது கேட்பார். நான் ரசத்தை ஊற்றிவிட்டு எழுந்து போய்விடுவேன்.

கோப்புக்கு என்ன பெயர் வைப்பது, எந்த ஃபோல்டரில் வைப்பது, யாருக்கு அனுமதி கொடுப்பது, இதெல்லாம் உங்களுக்கு வேறு யாராவது சொல்லித்தருவார்கள். சொல்லித்தராவிட்டாலும் ஒரு வாரத்தில் பழகிவிடும். நான் சொல்லப்போவது ஒரே ஒரு நாள் காலையிலிருந்து மதியம் வரை நடந்த சங்கதி. அதைக் கேட்டுவிட்டு வேலையைப் பாருங்கள்.

நேற்றுச் சேர்ந்தவர்களுக்காக முதலில் ஒரு விளக்கம். நோயாளி வீட்டுக்குப் போகும்போது கையில் ஒரு டிஸ்சார்ஜ் தாள் கொடுக்கிறோம் அல்லவா, அதற்கு ஒரு மாதிரி, அதாவது டெம்ப்ளேட், சர்வரில் இருக்கும். தலையில் ஆஸ்பத்திரி பெயர், நடுவில் என்ன நோய், என்ன சிகிச்சை, என்ன மாத்திரை என்று நிரப்ப இடம், வாலில் சில வரிகள். காய்ச்சல் வந்தால், ரத்தம் கசிந்தால், மூச்சு வாங்கினால் உடனே இந்த எண்ணுக்கு போன் செய்யுங்கள் என்று ஓர் எண். எல்லா வார்டிலிருந்தும் அந்த ஒரே மாதிரியைத் திறக்கவேண்டும். திறந்தால் புதுத் தாள் ஒன்று வரும். நிரப்பி அச்செடுக்க வேண்டும். மாதிரியைத் திருத்தினால் அதன் பிறகு வரும் தாள்களெல்லாம் திருந்தி வரும். ஏற்கெனவே வெளியே போன தாள் போனதுதான். அதை நீங்களும் நானும் ஒன்றும் செய்ய முடியாது.

மாதிரிகளுக்கு நான் பூட்டுப் போட்டு வைத்திருந்தேன். யாரும் திறக்கலாம், யாரும் அதன்மேல் சேமிக்க முடியாது. காரணம் இருந்தது. பூட்டு இல்லாத காலத்தில் அலுவலகப் பிரிவில் ஒருவர் எங்கள் கடிதத் தாளில் தன் விடுப்பு விண்ணப்பத்தை அடித்து, அப்படியே மாதிரியின் மேலேயே சேமித்துவிட்டார். அன்றைக்கு இன்சூரன்ஸ்காரர்களுக்குப் போன கடிதங்களின் கடைசிப் பத்தியில் எல்லாம், எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கடும் வயிற்றுப்போக்கு என்றும் இரண்டு நாள் விடுப்பு வேண்டும் என்றும் இருந்தது. அதற்குப் பிறகு பூட்டினேன். இன்றைக்கு அந்த நாற்காலியில் உட்காரவைத்தாலும் பூட்டத்தான் செய்வேன். ஆனால் பூட்டியதோடு வேலை முடிந்தது என்று எழுந்து போகமாட்டேன்.

எங்கள் ஆஸ்பத்திரி முதலில் கேளம்பாக்கம் பக்கம் ஒரு வாடகைக் கட்டடத்தில் இருந்தது. பிறகு சொந்தக் கட்டடம் கட்டிக்கொண்டு போனோம். பழைய தொலைபேசி இணைப்பு கட்டட உரிமையாளர் பெயரில் இருந்ததால் எண்ணும் மாறியது. பழைய இணைப்பு அந்தக் கட்டடத்திலேயே தங்கிவிட்டது, எங்களுக்குப் பிறகு அங்கே ஒரு மெத்தைக் கடை வந்தது. மாறிய அன்றே சர்வரில் இருந்த மாதிரி ஒவ்வொன்றிலும் புது எண்ணைப் போட்டேன். ஒவ்வொன்றையும் அச்செடுத்துப் பார்த்தேன். சுத்தமான வேலை. யார் வந்து பார்த்தாலும் குறை சொல்ல இடமில்லை.

மாதங்கள் கழித்து ஒருநாள் காலையில், கீழே விசாரணைக் கவுன்ட்டரிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். "மேடம், உங்க டெம்ப்ளேட்டப் பத்தி ஒரு அம்மா கத்துறாங்க" என்றாள் அங்கிருந்த பெண். டெம்ப்ளேட்டைப் பற்றி மனிதர்கள் கத்தி நான் கேட்டதில்லை. இறங்கிப் போனேன்.

முட்டுக்காட்டிலிருந்து வந்திருந்தாள் அந்தப் பெண். தேவி என்று பெயர். அவள் கணவனுக்குப் போன வாரம் எங்களிடம் குடலிறக்க ஆபரேஷன் நடந்திருந்தது. வீட்டுக்குப் போனபின் தையல் பிரிந்து ரத்தம் வந்திருக்கிறது. அதிகாலையில் எப்படியோ ஆட்டோ பிடித்து அள்ளிக்கொண்டு வந்து சேர்த்துவிட்டாள். அவன் மேலே படுத்திருந்தான், ஆபத்தில்லை என்று சொல்லிவிட்டார்கள். அந்தச் செய்தி வந்த பிறகுதான் அவளுக்குக் கோபம் வந்திருக்கிறது. டிஸ்சார்ஜ் தாளைக் கவுன்ட்டரில் விரித்து, அதன்மேல் விரலை ஊன்றிக்கொண்டு நின்றாள். அவள் புடவையில் ரத்தம் காய்ந்திருந்தது.

"இது நீங்க குட்த்த நம்பரு தானே? படிச்சிப் பாரும்மா, நீயே படி."

படித்தேன். பழைய எண்.

"நேத்து மத்தியானமே லேசா கசிஞ்சுது. அப்பவே போன் அடிச்சேன். ரத்தம் வருது சார், இன்னா பண்றதுன்னு கேக்குறேன், அந்தாண்டேர்ந்து ஒரு ஆளு சிங்கிளா டபுளான்னு கேக்குறான்! நான் இன்னா மெத்த வாங்கவா போன் பண்ணேன்? திரும்ப அடிச்சா திட்டுறான், அப்பால எடுக்கவே இல்ல. நேத்தே இட்டாந்திருந்தா இந்த கதி வந்திருக்குமா என் புருஷனுக்கு?"

தாளை வாங்கிப் பார்த்தேன். மேலே புதுக் கட்டடத்தின் முகவரி சரியாக இருந்தது. தேதியும் போன வாரத் தேதிதான். வாலில் மட்டும் பழைய எண். சர்வரில் போய்ப் பார்த்தேன், மாதிரியில் புது எண் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. அப்படியென்றால் இந்தத் தாள் என் மாதிரியிலிருந்து பிறந்ததே இல்லை.

நேரே ஆண்கள் சர்ஜரி வார்டுக்குப் போனேன். அங்கே பாக்யா என்ற பெண்தான் டிஸ்சார்ஜ் தாள்களை அடிப்பவள். தையூர்க்காரி. வேகமென்றால் அப்படி ஒரு வேகம். டாக்டர் வாயை மூடுமுன் தாள் பிரின்டரில் இருக்கும். அவளை எனக்குப் பிடிக்கும். தாளைக் காட்டி, இதை எங்கிருந்து திறந்தாய் என்று கேட்டேன். அவள் தன் கம்ப்யூட்டரின் முகப்புத் திரையைக் காட்டினாள். அங்கே ஒரு கோப்பு இருந்தது. பெயர், பாக்யா ஃபார்மட்.

"காலையில எல்லா வார்டும் ஒரே நேரத்துல சர்வர தொறக்குது மேடம். சுத்திகினே கீது, சுத்திகினே கீது. எதுர்ல பேஷன்ட் வூட்டுக்காரங்க பைய தூக்கிகினு நிக்கிறாங்க. ஆட்டோக்காரன் கீழ ஹாரன் அடிக்கிறான். அதான் ஒரு காப்பி எட்து இங்கயே வெச்சிக்கினேன். மாத்திர பேரெல்லாம் டேபிள் போட்டு ரெடியா வெச்சிருக்கேன், பாருங்க."

பார்த்தேன். என் மாதிரியைவிட அது நன்றாக இருந்தது. இதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. பழைய கட்டடத்தில் இருந்தபோது எடுத்த நகல் அது. இடம் மாறியபோது தலையில் முகவரியை மாற்றியிருக்கிறாள். வாலைப் பார்க்கவில்லை. வாலை யாரும் பார்ப்பதில்லை. எப்போதும் இருக்கிற வரிகள் கண்ணில் படுவதே இல்லை. அவளிடம் தாள் வாங்கிக் கையெழுத்துப் போட்ட டாக்டர்களும்தான் பார்க்கவில்லை.

"இது வேற யார்கிட்டயாவது இருக்கா பாக்யா?" என்று கேட்டேன். அவள் வாயைத் திறக்குமுன் நிர்வாக மேலாளர் அறையிலிருந்து எங்கள் இரண்டு பேருக்கும் அழைப்பு வந்துவிட்டது. கவுன்ட்டரில் நடந்த சத்தம் அவர் காதுக்குப் போயிருந்தது.

மேலாளர் கெட்டவர் இல்லை. ஆனால் எதையும் மதியச் சாப்பாட்டுக்குள் முடித்து மூடிவிட வேண்டும் அவருக்கு. விஷயத்தைக் கேட்டதும், "அந்தப் பொண்ணுக்கு மெமோ டைப் பண்ணச் சொல்லுங்க. எல்லா கம்ப்யூட்டர்லயும் தேடி அந்த ஃபைலை அழிச்சிடுங்க. முடிஞ்சுது" என்றார். மெமோவை எந்த டெம்ப்ளேட்டில் அடிப்பது என்று கேட்க என் நாக்கு துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன்.

மெமோ என்ற சொல் விழுந்ததும் பாக்யா தலையைக் குனிந்துகொண்டாள். வாய் இறுகிவிட்டது. இங்கேதான் உங்களை நான் கொஞ்சம் கவனிக்கச் சொல்கிறேன். அவளுக்கு இப்போது மெமோ போனால், அடுத்த அரைமணியில் எல்லா வார்டிலும் அந்தக் கோப்பு மாயமாகிவிடும். நாங்கள் எப்போதும் சர்வரில்தான் திறக்கிறோம் என்று எல்லோரும் அடித்துச் சொல்வார்கள். அப்புறம் எந்த வார்டிலிருந்து போன நோயாளிகள் கையில் தப்பான எண் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. பயந்தவர்களிடமிருந்து ஒரு தகவலும் வராது. தகவல் வராவிட்டால், எங்கேயோ ஒரு வீட்டில் இன்னொரு தேவி போனைக் காதில் வைத்துக்கொண்டு மெத்தைக் கடைக்காரரிடம் கெஞ்சிக்கொண்டிருப்பாள்.

"மெமோ எங்கயும் ஓடிடாது சார், நாளைக்குக் கொடுங்க" என்றேன். "இன்னைக்கு இவ வாய் திறந்து பேசணும். அதுதான் எனக்கு வேணும்."

அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் கையை அசைத்து, கேட்டுத் தொலையுங்கள் என்பதுபோல் விட்டுவிட்டார். நான் பாக்யாவிடம் திரும்பி, "உன் ஃபார்மட்டை யாரெல்லாம் கேட்டு வாங்கினாங்க?" என்றேன். திட்டுகிற குரலில் கேட்கவில்லை. நல்ல பொருளை வைத்திருப்பவளிடம் கேட்பதுபோலத்தான் கேட்டேன். உண்மையும் அதுதானே.

அவள் மெதுவாகச் சொன்னாள். "பொம்பளைங்க வார்டுல கேட்டாங்க, மெயில்ல அனுப்சேன். எலும்பு வார்டுல பென் டிரைவ்ல வாங்கினு போனாங்க. அப்புறம்..." நிறுத்தினாள்.

"அப்புறம்?"

"பிரசவ வார்டு மேடம்."

பிரசவ வார்டிலிருந்து போகும் தாள் தாய்க்கு மட்டுமல்ல, பிறந்து சில நாளான பிள்ளைக்கும் சேர்த்து. அந்தப் பிள்ளைக்கு ஒன்றென்றால் அந்த வீட்டில் முதலில் எடுப்பது அந்தத் தாளைத்தான். நம் பக்கத்தில் ஆஸ்பத்திரித் தாளை யாரும் தூக்கிப் போடுவதில்லை. துணிக்கடைப் பையில் போட்டு, கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டி வைப்பார்கள். வருடக்கணக்கில் தொங்கும்.

மேலாளருக்கும் இப்போது முகம் மாறிவிட்டது. எல்லா நோயாளிகளுக்கும் போன் செய்து சொல்லலாம் என்றார். செய்யத் தொடங்கினார்கள். ஆனால் பதிவில் இருக்கும் எண்கள் யாருடையவை என்று உங்களுக்கே தெரியும். ஒன்று கூட வந்த மச்சானுடையது, ஒன்று வேலை பார்க்கும் இடத்து சூப்பர்வைசருடையது, ஒன்று கொண்டுவந்து விட்ட ஆட்டோக்காரருடையது. பழைய எண்ணுக்கு வரும் அழைப்புகளை நம் பக்கம் திருப்பிவிட டெலிபோன் ஆபீஸில் சொல்லலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். கட்டட உரிமையாளர் வெளிநாட்டில் மகன் வீட்டில் இருந்தார். அவர் கையெழுத்து வந்து அது நடக்க நாளாகும். கம்ப்யூட்டரில் இருப்பதை அழிக்கலாம் என்று இன்னொருவர் மறுபடியும் ஆரம்பித்தார். ஆளாளுக்குப் பேசினார்கள்.

அந்த நேரத்தில் பெரிய டாக்டரம்மா வேறு ஏதோ கையெழுத்துக்காக உள்ளே வந்தார். எங்கள் தலைமை மருத்துவரை எல்லோரும் அப்படித்தான் சொல்வோம். அதிகம் பேசமாட்டார். நின்றபடியே கொஞ்சநேரம் கேட்டார். பிறகு என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார்.

"இப்போ, இந்த நிமிஷம், அந்த பழைய நம்பர் அடிச்சா யார் எடுப்பாங்க?"

"மெத்தைக் கடைக்காரர் மேடம்."

"அப்போ நாம அங்கதானே இருக்கணும்?"

அவ்வளவுதான். நாங்கள் எல்லோரும் கோப்பு எங்கே இருக்கிறது, தாள் எங்கே இருக்கிறது என்று துரத்திக்கொண்டிருந்தோம். அந்தத் தாள்களெல்லாம் கைகாட்டும் இடம் ஒன்றே ஒன்றுதான், ஆட்டோவில் போனால் எட்டிவிடும் தூரத்தில்தான் அது இருக்கிறது என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை. மேலாளர் மட்டும், "மெத்தைக் கடையில நம்ம நர்ஸா? வெளிய தெரிஞ்சா என்ன நினைப்பாங்க?" என்றார். டாக்டரம்மா அவரைத் திரும்பிப் பார்த்தார்.

பிரசவ வார்டிலிருந்து ஒரு நர்ஸை விடுவித்து அனுப்ப ஆள் மாற்றவேண்டியிருந்தது. அதுவரை காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. நான் முன்னால் ஆட்டோவில் கிளம்பினேன். போகும் வழியிலேயே அந்த எண்ணுக்கு அடித்தேன்.

"ஹலோ, மெத்தக் கட."

"நான் ஆஸ்பத்திரியிலேருந்து பேசுறேன்."

"யம்மா, இவ்ளோ நாளு ஆஸ்பத்திரியான்னு கேட்டு உயிர வாங்குனாங்க. இப்ப ஆஸ்பத்திரியே பேசுதா? நல்லா கீது."

வயரை மட்டும் பிடுங்கிவிடாதீர்கள், வந்துகொண்டிருக்கிறேன் என்று சொல்லி வைத்தேன்.

எங்கள் பழைய வரவேற்பறை முழுக்க மெத்தை. பதிவுக் கவுன்ட்டர் இருந்த இடத்தில் தலையணைகள் குவிந்திருந்தன. போன் மட்டும் அதே மூலையில், அதே மேசையில், அதே பழைய கருவி; யார் அழைக்கிறார்கள் என்று காட்டும் திரைகூட அதில் கிடையாது. கடைக்காரர் காதர் பாய்க்கு என்னைவிடக் கொஞ்சம் வயது குறைவாக இருக்கும். தோளில் துண்டு, முகத்தில் எரிச்சல்.

"ஒரு நாளு ரெண்டு நாளுன்னா பரவால்லம்மா. அடிக்கடி கீது இந்த பேஜாரு. ராங் நம்பருன்னா நம்ப மாட்டேன்றாங்க. சாப்ட ஒக்காந்தா வயர புடுங்கிப் போட்டுடுவேன். இன்னிக்கு படூர்ல ஒரு ஹாஸ்டல்காரன் பெரிய ஆர்டர் சொல்றேன்னு இருக்கான், அதான் வுட்டு வெச்சிருக்கேன்."

"இனிமே புடுங்காதீங்க பாய்."

"ஏன், உங்க ஆஸ்பத்திரிய நானா நடத்துறேன்?"

நியாயமான கேள்வி. நான் தேவியைப் பற்றிச் சொன்னேன். நேற்று மதியம் ஒரு பெண் போன் செய்தாளே, ரத்தம் வருகிறதென்று.

அவர் என்னையே பார்த்தார். "அந்தப் பொண்ணா? ரோட்ல லாரி சத்தம்மா. காதுல சரியா வுழல. கஸ்டமர்னு நெனச்சிகினேன். ரெண்டாவது வாட்டி அடிச்சப்ப..." துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "அந்த ஆளு பொழச்சிகினானா?"

"பொழச்சுட்டார்."

அவர் நாற்காலியைப் போன் பக்கம் இழுத்துப் போட்டார். நர்ஸ் வந்தால் உட்கார, பிளாஸ்டிக் உறை பிரிக்காத மெத்தை ஒன்றைச் சுவரோரம் போட்டார். நான் உட்கார்ந்தேன். என்னிடம் இருந்தது ஒரு கைபேசி, அதில் பிரசவ வார்டின் எண். நான் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. நர்ஸ் வருமுன் போன் அடிக்கக்கூடாதே என்றுதான் நினைத்தேன்.

அடித்தது.

"ஹலோ, ஆஸ்பத்திரியா?" ஒரு ஆண் குரல். மூச்சிரைத்தது.

"ஆமாங்க, ஆஸ்பத்திரிதான். சொல்லுங்க."

"போன வாரம் உங்ககிட்ட பொறந்த கொழந்தம்மா. காலைலேர்ந்து பாலே குடிக்கல. எயுப்புனாலும் கண்ண தொறக்க மாட்டுது, தொவண்டு தொவண்டு போவுது. இன்னா பண்றது?"

"எந்த ஊர்லேருந்து பேசுறீங்க?" என்று கேட்டேன். கரகரவென்று சத்தம் வந்தது. அவர் ஏதோ சொன்னார், கேட்கவில்லை. அப்புறம் இணைப்பே அறுந்துவிட்டது. கடலோரத்தில் சில இடங்களில் சிக்னல் இப்படித்தான், காற்றடித்தால் போய்விடும்.

ஊர் தெரியாது, பெயர் தெரியாது, எண் தெரியாது. கைபேசியில் வார்டைக் கூப்பிட்டுச் சொன்னேன். போன வாரம் பிறந்த பிள்ளைகளின் வீட்டு எண்களுக்கு ஒவ்வொன்றாக அடிக்க ஆரம்பித்தார்கள். ஆனால் அந்தத் தகப்பன் மறுபடி கூப்பிடப்போவது எந்த எண்ணை என்று எனக்குத் தெரியும். கதவுக்குப் பின்னால் பையில் இருந்து எடுத்த தாளில் அவனுக்கு இருப்பது இந்த எண் மட்டும்தான். இந்த லைன் காலியாக இருக்கவேண்டும். இதை நான் காதர் பாயிடம் சொல்லி வாய் மூடவில்லை, போன் அடித்தது. பக்கத்தில் நின்ற அவர் பாய்ந்து எடுத்தார்.

"ஹலோ, சொல்லு நைனா... ஆங்? யாரு? படூரா? ஆங் சார், சொல்லுங்க."

ஹாஸ்டல்காரர். காதர் பாய் அந்தப் பக்கத்துப் பேச்சைக் கேட்டுக்கொண்டே என்னைப் பார்த்தார். வைத்துவிடுங்கள் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? அவர் கடை, அவர் போன், அவர் வியாபாரம்.

"சார், மெத்தக் கதைய அப்பால பேசிக்கலாம். லைன வுடுங்க. ஒரு கொழந்தைக்கு போன் வரணும்." அந்தப் பக்கம் ஏதோ சொல்லியிருப்பார்கள். இவர் குரல் உயர்ந்தது. "வேற கடைல வாங்கிக்கினா வாங்கிக்கோ சார், மொதல்ல போன வெய்யி!"

வைத்துவிட்டார். இரண்டு பேரும் போனைப் பார்த்துக்கொண்டு நின்றோம். வாசலில் யாரோ தலையணை விலை கேட்டார்கள். அவர் திரும்பிப் பார்க்காமல் கையைக் காட்டி, இரு என்றார்.

மறுபடி அடித்தது. இந்தத் தடவை அவர் தொடவில்லை. கருவியையே என் பக்கம் தள்ளினார்.

"ஆமாங்க, ஆஸ்பத்திரிதான். வைக்காதீங்க. கட் ஆனா இதே நம்பருக்கு அடிங்க, நான் இங்கயேதான் இருக்கேன். மொதல்ல ஊர் சொல்லுங்க."

"நெம்மேலி. ரோட்டு மேலயே வூடு. பெட்டிக்கட எதுர்ல."

கைபேசியில் வார்டுக்கு அதைச் சொன்னேன். ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டது என்றார்கள். அதே நேரம் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. எங்கள் நர்ஸ் ஓடிவந்தாள். ரிசீவரை அவள் கையில் கொடுத்தேன். அவள் பிள்ளையின் உடம்பு சில்லென்று இருக்கிறதா என்று கேட்டாள், தாயின் மார்போடு அணைத்துத் துணியால் போர்த்தச் சொன்னாள், வாயில் தண்ணீர் எதுவும் ஊற்றாதீர்கள் என்றாள். வண்டி வந்து சேரும்வரை போனை வைக்கவே இல்லை. நான் போய் அந்தப் பிளாஸ்டிக் மெத்தையில் உட்கார்ந்தேன்.

குழந்தை பிழைத்தது. சில நாள் கண்ணாடிப் பெட்டியில் இருந்துவிட்டு வீட்டுக்குப் போனது. அது பையனா பெண்ணா என்றுகூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. அதோடு கொடுத்தனுப்பிய புதுத் தாளின் வாலில் எந்த எண் இருக்கிறது என்று மட்டும் போய்ப் பார்த்தேன்.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பழைய எண் நம் பக்கம் திரும்புவதற்குக் கையெழுத்து வரவே இல்லை. வாரக்கணக்கில் எங்கள் நர்ஸுகள் மாறி மாறி மெத்தைக் கடையில் உட்கார்ந்தார்கள். பாக்யாவின் மெமோ அடித்து மேசையில் கிடந்தது. பெரிய டாக்டரம்மா கையெழுத்துப் போடவில்லை, அது அப்படியே எங்கேயோ போய்விட்டது. நான் அவளுடைய ஃபார்மட்டை வாங்கி, வாலைத் திருத்தி, அதையே சர்வரில் அதிகாரபூர்வ மாதிரியாக வைத்தேன். காலையில் கம்ப்யூட்டரைத் திறந்ததும் புதிய நகல் தானாகவே ஒவ்வொரு வார்டுக்கும் வந்துவிடும்படி செய்தோம். சர்வர் சுற்றுவதற்காக யாரும் காத்திருக்க வேண்டியதில்லை, ஆகவே யாருக்கும் சொந்த நகல் தேவைப்படவில்லை. இன்றைக்கும் நீங்கள் திறப்பது பாக்யா ஃபார்மட்தான். அந்தப் பெயர் ஏன் என்று கேட்டுக்கொண்டிருந்தீர்கள் அல்லவா, இதுதான்.

நகல் எடுத்து வைத்துக்கொள்கிறவர்களைப் பார்த்தால் உங்களுக்குக் கோபம் வரும். வரட்டும். ஆனால் கத்துவதற்கு முன்னால், ஏன் எடுத்தாய் என்று ஒரு தடவை கேளுங்கள். ஏதாவது தவறிப்போய்விட்டால், யார் செய்தது என்று ஆரம்பிக்காதீர்கள். டாக்டரம்மா கேட்ட கேள்வியிலிருந்து ஆரம்பியுங்கள்.

காதர் பாய்க்கு அந்த ஹாஸ்டல் ஆர்டர் கிடைக்கவில்லை. அந்த ஆள் அன்றைக்கே வேறு கடைக்குப் போய்விட்டார். இதைப் பற்றி நான் அவரிடம் கேட்டபோது, "போனா போறான், வுடும்மா" என்றார். ஆஸ்பத்திரி அவரிடம் மெத்தை வாங்கியதா என்று என்னைக் கேட்காதீர்கள். டெண்டர் விதி இடம் கொடுக்கவில்லையாம்.

ஓய்வு பெற்ற நாளன்று கழுத்தில் போட்ட மாலைகளை எல்லாம் கழற்றி வைத்துவிட்டு, என் மேசையில் தனியாகக் கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்தேன். மெத்தைக் கடையில் நர்ஸுகள் உட்காருவதை நிறுத்திப் பல காலம் ஆகியிருந்தது. ஆனாலும் அந்தத் தாள்கள் இன்னும் எத்தனை வீட்டு ஆணியில் தொங்குகின்றனவோ. என்ன பேசப்போகிறேன் என்று யோசிக்காமலேயே அந்தப் பழைய எண்ணுக்கு அடித்தேன்.

காதர் பாய் உடனே எடுத்தார். "ஹலோ, ஆஸ்பத்திரியா, மெத்தையா?"

கவுன்ட்டரில் உட்கார்ந்திருக்கும் ஆள் மாதிரி, அத்தனை சாதாரணமாகக் கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. குரல் எழும்பவில்லை. என் மூச்சு மட்டும் அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம் வந்தது. பிறகு அவர் குரல், முன்னைவிட மெதுவாக.

"அழுவாதம்மா. நான் லைன்லதான் கீறேன். இன்னா ஆச்சு, சொல்லு."